உஷார்! ஏறிய கியரிலேயே இறங்குங்கள்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகத் திட்டம் போட்டிருக்கிறீர்களா? வேன் பேசியாயிற்றா? பிள்ளைகளுக்குக் குளிர்ச் சட்டையும் வாங்கியாயிற்றா? கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு, வண்டி ஓட்டப்போகிறவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள். மலைக்கு ஏறும்போது எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்து, களைத்து, வீட்டு நினைப்போடு இறங்கும்போதுதான் இங்கே உயிர் போகிறது.

2025 மே 11, வெசாக் காலம். கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போய்க்கொண்டிருந்த இ.போ.ச. பஸ் ஒன்று விடிவதற்குள் கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. 70க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் அதே பிரதான வீதிதான். கொழும்புக்கும் கண்டிக்கும் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் பிடிக்கும் பாதை.

அதற்கு முன், 2023 ஜனவரி 20. நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ் ஒன்று இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து எதிரே வந்த வேனிலும் ஆட்டோவிலும் மோதியது. இறந்தவர்கள் 7 பேர். அவர்கள் அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் அல்லர், வேனிலும் ஆட்டோவிலும் இருந்தவர்கள். சுற்றுலாக்காரர் விடும் பிழைக்குத் தன் ஊர் ரோட்டில் தன் பாட்டில் போகிறவரும் விலை கொடுக்கிறார் என்பதால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன். குறுக்கு வீதி என்றால் தூரம் குறைவு. ஆனால் இறங்க வேண்டிய உயரம் அப்படியேதான் இருக்கிறது. குறைந்த தூரத்தில் அதே உயரத்தை இறங்கினால் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கைபேசியில் இருக்கும் வரைபடம் பத்து நிமிடம் மிச்சம் என்று காட்டும், சரிவைக் காட்டாது. பெரிய வாகனத்தில் போகிறவர்கள் பிரதான வீதியை விட்டு இறங்கவே வேண்டாம்.

இந்த வருடம் கூடுதலாகப் பயப்பட ஒரு காரணமும் இருக்கிறது. கிரகரி வாவியும் விக்டோரியா பூங்காவும் நெரிசலாகிவிட்டன என்று, அதிகம் அறியப்படாத பழைய ஊர்களைத் தேடி ஆட்கள் உள்ளே வரத் தொடங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் நம்மவர்கள் இன்னும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். பாரிஸும் லண்டனும் அலுத்து, புரூஜ், கொல்மார், சியேனா என்று சிறிய பழைய நகரங்களாகப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். “எங்கள் மலையிலும் அப்படி ஊர்கள் இருக்கின்றனவா?” என்கிறார்கள்.

இருக்கின்றன. வாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன். 1840களில் சாமுவேல் பேக்கர் ஆடு மாடும் விதையும் ஆட்களுமாக வந்து நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்கப் பார்த்த கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். செங்கல் தபாலகத்தின் முன் நின்று எல்லாரும் படம் எடுப்பார்கள். அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. அங்கே புனித மரியாள் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். டார்வினையும் கவிஞர் டென்னிசனையும் படம் பிடித்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் இறந்தார். இங்கிருந்த தொழிலாளர்களையும் அவர் படம் பிடித்திருக்கிறார். பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் அதே கமரன். ஒரு நாட்டின் ஆட்சியமைப்பை மாற்றியவரும் புகைப்படக் கலையை மாற்றியவரும் ஒரு தேயிலைச் சரிவில் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள். ஐரோப்பாவில் என்றால் இதற்குத் தனியாக நுழைவுச்சீட்டு அடித்திருப்பார்கள்.

டிக்கோயாவின் வோர்லி தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் கற்கோயில். அட்டனுக்கு 1884இல் ரயில் வந்தது, அடுத்த வருடமே நானுஓயாவுக்குப் போய்விட்டது. தலவாக்கலையைச் சுற்றி ஹோலிரூட், நானுஓயாப் பக்கம் எடின்பரோ, பூண்டுலோயாவில் டன்சினன் என்று ஸ்கொட்லாந்து முழுவதும் தோட்டப் பெயர்ப் பலகைகளில் நிற்கிறது. இதெல்லாம் பார்க்க வேண்டியதுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த ஊர்கள் எவ்வளவு பழையனவோ, அவற்றுக்குப் போகும் வீதிகளும் அவ்வளவு பழையன. கோப்பி மூட்டையை மாட்டு வண்டியில் ஏற்றித் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக வெட்டிய தடங்கள் இவை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக் காடு வழியாக நடந்து வந்த நம் முன்னோர் கையால் வெட்டிய பாறையும் இவற்றில் இருக்கிறது. மாடு எந்தச் சரிவில் இளைக்காமல் ஏறுமோ அந்தக் கணக்கு, வண்டி எந்த முடக்கில் திரும்புமோ அந்த அகலம். பிறகு தார் போட்டார்கள், பிரதான வீதிகளை அகலப்படுத்தினார்கள், காப்பெட்டும் விரித்தார்கள். மலை மாறவில்லை, முடக்குகளும் மாறவில்லை. காப்பெட் விரித்த பின் வேகம்தான் மாறியது. தோட்டத்து உள்வீதிகளோ பல இடங்களில் இன்றும் ஒரு லொறி அகலம்தான். ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் தேயிலை, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

ஐரோப்பியப் பழைய நகரங்களில் இந்த ஆபத்துக்கு வழி கண்டிருக்கிறார்கள். இத்தாலியின் சியேனாவில் 1960களிலேயே நகர நடுவில் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். காரை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும். சுவிட்சர்லாந்து மலைவீதிகளில் மஞ்சள் நிறத் தபால் பஸ் முடக்குக்கு முன்னாலேயே மூன்று சுரத்தில் ஹோர்ன் அடித்து வரும், மற்றவர்கள் அதற்கு இடம் விட்டே ஆக வேண்டும். சூரிச்சிலிருந்தும் பேர்னிலிருந்தும் வரும் நம் உறவுகள் அந்த ஒழுங்குக்குப் பழகியவர்கள். அதே நம்பிக்கையில் இங்கே ஸ்டியரிங்கைப் பிடித்தால் முதல் முடக்கிலேயே சிக்கல். இங்கே இடது பக்கம் ஓட்ட வேண்டும், கை காலெல்லாம் வலது பக்கத்துக்குப் பழகியிருக்கும். அவசரத்தில் மனம் பழைய பக்கத்துக்கே ஓடும். தம்பி, தங்கச்சி, கோபிக்க வேண்டாம், கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நீங்களாக மலைக்கு வர வேண்டாம். மலைவீதி தெரிந்த ஓட்டுநர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிரேக்கைப் பற்றி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. 50 கிலோமீற்றர் சொச்சத்தில் 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறீர்கள். ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த வேன் ஒன்று அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது அதன் ஆற்றலெல்லாம் எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது முழுக்கச் சூடாக மாறித் தட்டிலும் டிரம்மிலும் ஏறும். சூடு ஏற ஏற பிரேக் லைனிங்கின் பிடி குறையும். அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்குப் போகும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய பழைய எண்ணெய்க்கு அந்த எல்லை 140தான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. காலை வைத்தால் பெடல் மெத்தென்று தரை வரை போகும், வண்டி நிற்காது. “பிரேக் விட்டுப்போச்சு” என்று விபத்துக்குப் பின் சொல்கிறார்களே, பல நேரம் எதுவும் உடைந்திருக்காது. சூடாகியிருக்கும், அவ்வளவுதான். ஆறிய பிறகு சோதித்தால் நன்றாகப் பிடிக்கும்.

ஆகவே வேகத்தைப் பிடித்து வைக்கும் வேலையை எஞ்சினிடம் கொடுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மலையகத்து லொறிக்காரர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இது. இரண்டாம் கியரில் எஞ்சின் உறுமும். உறுமட்டும், அது கெட்டுப்போகாது. சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் போனால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் தொங்கும். பிரேக்கில் காலைத் தொடர்ந்து வைத்தே இருக்காதீர்கள். நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மீண்டும் மிதியுங்கள்.

தானியங்கிக் கியர் வண்டிகளால்தான் இப்போது பயம் அதிகம். கொழும்பில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பகுதி அவைதான். வாங்கிய நாளிலிருந்து ‘டி’யைத் தவிர வேறெதையும் தொடாதவர்கள் இருக்கிறார்கள். ‘டி’யில் இறங்கினால் எஞ்சின் போதிய அளவு பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கில்தான். உங்கள் கியர்த் தண்டில் எல், எஸ், 2, பி (ஆங்கில B, நிறுத்தி வைக்கும் P அல்ல) என்று ஏதாவது இருக்கும். ஹைபிரிட் கார்களில் ‘பி’ என்று இருப்பது இறக்கத்துக்கென்றே வைத்தது. ஹைபிரிட்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் பற்றரி ஏறிக்கொண்டே போகும். அது நிரம்பிவிட்டால் மின்மோட்டார் வழியாகக் கிடைத்த பிடிப்பு குறையும். அதுவரை லேசாக இருந்த வண்டி திடீரென்று பாரமாகத் தோன்றும். பயப்படாமல் ‘பி’யில் போட்டு வேகத்தைக் குறையுங்கள்.

நியூட்ரலில் உருட்டி விடுவது கொலைப் பழக்கம். 2022இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் பலருக்கு இந்தச் சிக்கனப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சிலர் எஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டுகிறார்கள். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவாது, ஸ்டியரிங்கும் கல்லாகும். மிச்சம் பிடிக்கும் அரை லீற்றருக்காக வண்டியில் இருக்கும் எல்லாரையும் பணயம் வைக்காதீர்கள். உண்மையில் இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவை கியரில் இறங்கும்போது எரிபொருளையே எடுப்பதில்லை. அந்த அரை லீற்றர் மிச்சம்கூடக் கணக்கில் பொய்.

வேன் பேசும்போது விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறோம். பிரேக் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேளுங்கள் அண்ணா, அக்கா. இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். முன்பின் டயர்களை நீங்களே குனிந்து பாருங்கள். 14 பேர் வேனில் 19 பேரை அடைக்காதீர்கள். மடியில் இருக்கும் பிள்ளைக்கும் நிறை உண்டு, அந்த நிறையையும் பிரேக்தான் பிடிக்க வேண்டும்.

ஓட்டுநரைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் நாம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரவு 2 மணிக்குக் கொழும்பிலிருந்து புறப்பட்டு, ஹக்கலைப் பூங்காவும் சீதை அம்மன் கோயிலும் இறம்பொடை அனுமாரும் தேயிலைத் தொழிற்சாலையும் பார்த்து, அன்றிரவே வீடு திரும்புவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. போக ஐந்தாறு மணி நேரம், வர ஐந்தாறு மணி நேரம், நடுவில் பகல் முழுவதும் சுற்றல். நாம் பின் சீற்றில் தூங்குகிறோம், அவர் தூங்க முடியாது. இரவு தங்கினாலும் நமக்கு அறை, அவருக்கு வேன். நுவரெலியாக் குளிர் இரவில் 10 பாகைக்குக் கீழே போவதும் உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சீற்றில் சுருண்டு கிடந்த மனிதர் விடிந்ததும் நம் குடும்பத்தையே முடக்கு முடக்காக இறக்க வேண்டும். அறை பதிவு செய்யும்போதே ஓட்டுநருக்கு ஒரு கட்டில் கேட்டு வாங்குங்கள். இல்லை என்று சொல்லும் விடுதியை விட்டுவிட்டு வேறு பாருங்கள். வயிறாரச் சாப்பாடு கொடுங்கள். இருட்டிய பிறகு இறங்கச் சொல்லி நெருக்காதீர்கள். மாலை 3 மணிக்குப் பின் மலையில் பனி இறங்கினால் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது. பெரிய வெளிச்சம் போட்டால் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், சின்ன வெளிச்சம் போடுங்கள்.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி வீதியில் இரவிரவாகப் பஸ்கள் ஓடும். இரவு முழுவதும் மலையேறி இறங்கியவர்கள் காலையில் அதே தூக்கக் கண்ணோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். தரிசனம் முடிந்ததும் நல்லதண்ணியிலோ அட்டனிலோ ஓட்டுநர் நாலு மணி நேரமாவது படுத்தெழும்பட்டும். பிறகு புறப்படலாம்.

மழையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை உலகமே பார்த்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வீதிகளும் மலையக ரயில்பாதையும் துண்டு துண்டாயின. ஒரு முறை அசைந்த சரிவு அடுத்த பெருமழைக்கு மீண்டும் அசையக்கூடியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேறு. நீங்கள் போகும் பிரிவுக்குச் செம்மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வீதியோரத் திட்டிலிருந்து சேற்று நீர் புதிதாகக் கசிந்தால், மரமோ மின்கம்பமோ சாய்ந்து தெரிந்தால், அந்த இடத்தில் நின்று படம் எடுக்காதீர்கள், கடந்துவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

ரயிலில் வரலாமே என்று கேட்பீர்கள். வரலாம், அதுவே நல்லது. எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மிதிபலகையில் தொங்கிப் படம் எடுக்காமல் உள்ளே உட்கார்ந்து வாருங்கள். சுரங்கப் பாறையும் பாதையோர மரமும் பெட்டியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

தோட்டத்து வீதிக்குள் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வீதிதான் எங்கள் நடைபாதை, வேறு கிடையாது. லயத்து வாசல் பல இடங்களில் நேராக ரோட்டுக்குத்தான் திறக்கும். பகல் ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் வரிசையாக ரோட்டோரம் நடப்பார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பெண்கள் தலையில் சாக்கோடு வருவார்கள். சாக்குச் சுமந்தவருக்குத் திரும்பிப் பார்க்கவும் முடியாது, சட்டென்று ஒதுங்கவும் முடியாது. முடக்குக்கு முன்னால் ஒரு சின்ன ஹோர்ன், ஆளைக் கண்டதும் நடை வேகம், இவ்வளவுதான் கேட்கிறோம். ஒரு லொறி அகல ரோட்டில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். சரிவில் நின்ற பாரவண்டியை மீண்டும் கிளப்புவது சிரமம்.

எல்லாம் செய்தும் பெடல் மெத்தென்று இறங்குகிறதா? ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். பெடலை வேகமாகப் பலமுறை குத்துங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், எஞ்சினை மட்டும் நிறுத்தாதீர்கள். கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழலும், கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹோர்னில் இருந்து கையை எடுக்காதீர்கள். முன்னால் ஏற்றமோ பக்க வீதியோ இருந்தால் அதில் ஏற்றுங்கள். எதுவும் இல்லை என்றால் மலைப்பக்கத்துத் திட்டிலும் கானிலும் வண்டியை உரசிக்கொண்டே நிறுத்துங்கள். கதவு நசுங்கும், கண்ணாடி போகும், போகட்டும். பள்ளத்துப் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள்.

பிரேக் நாற்றம் வந்தாலே, அதாவது ரப்பர் கருகுவது போல ஒரு வாசம் வந்தாலே, அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம், தட்டு வெடிக்கும். லபுக்கலையிலோ இறம்பொடையிலோ ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரம்தான். யாராவது காயப்பட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அழைக்கும்போது வீதியோரத்துக் கிலோமீற்றர்க் கல்லின் எண்ணையும் பக்கத்துத் தோட்டத்தின் பெயரையும் சொல்லுங்கள். பனிக்குள் உங்களைத் தேடி வருகிறவருக்கு அந்த இரண்டும்தான் வழி காட்டும்.